பத்து தடவை கழுவிய முகம்

முகம் கழுவியே ஒரு கல்யாணத்தைக் கலைத்தவள் நான். வெட்கப்பட வேண்டிய விஷயம் என்கிறாள் அம்மா. எனக்கு இன்னும் வெட்கம் வரவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவொற்றியூரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. முகம் முழுக்கப் பரு. (முழுக்க என்றால் முழுக்க. மூக்கு நுனியைக்கூட விட்டுவைக்கவில்லை.) பூமிக்கடியிலிருந்து வரும் எங்கள் போர் தண்ணீரில் உப்பு. சோப்பு நுரைக்காது, போட்ட சோப்பு லேசில் போகவும் போகாது. குழாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். இரும்புக்கே அந்தக் கதி என்றால் என் கன்னம் எம்மாத்திரம்?

ஆக, எல்லாப் பழியும் தண்ணீர் மேல். ஒரு நாளைக்குப் பத்து தடவை சோப்பு போட்டுத் தேய்த்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. தேய்த்தால் எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நம்பிய அறிவாளி நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மாவும் நைனாவும் பூசைக்குப் போன நேரம், சமையலறையில் இருந்த குடிதண்ணீர் கேனைப் பாத்ரூமுக்கு உருட்டிக்கொண்டு போனேன். நல்ல தண்ணீரில் ஒரு காலை கழுவினால் பரு அடங்கிவிடும் என்று திட்டம். கழுவினேன். கண்ணாடியைப் பார்த்தேன். அடங்கவில்லை. மறுபடி கழுவினேன். பத்தாவது தடவை கேன் காலி. முகம் வேகவைத்த பீட்ரூட்.

வாசலில் அம்மாவும் நைனாவும் திரும்பி வரும் செருப்புச் சத்தம். பயத்தில் போர் குழாயைத் திறந்து கேனை நிரப்பி, மூடியைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வருகிறவர்கள் பத்து நிமிஷம் உட்காருவார்கள், யார் தண்ணீர் கேட்கப் போகிறார்கள்? (காபி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அப்போது மறந்துபோயிருந்தது.)

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. எங்கள் அம்மா காபி போட்டாள், நான் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன இவ்ளோ பரு? எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே. பொண்ணுக்கு மூஞ்சி கழுவுற பழக்கம் இல்லையா?"

பத்து தடவை கழுவிய முகத்தைப் பார்த்து! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா காபியை ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போனது.

"ஐயோ, இன்னாங்க இது, உப்பு!"

அம்மா திகைத்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மாட்டிக்கொண்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எங்க வூட்டு போர் தண்ணி ஆன்ட்டி," என்றேன். "உங்களால ஒரு வாய் முழுங்க முடியல. என் மூஞ்சி இருபத்திமூணு வருஷமா முழுங்கிகினு கீது. இப்போ சொல்லுங்க, தப்பு யாரு மேல?"

மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்காக டம்ளர் காபி முழுவதையும் குடித்து முடித்தார். (பாவம், நல்ல மனுஷன்.) மூன்று பேரும் எழுந்து போனார்கள். அந்தக் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வாரம் அம்மா என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த டாக்டரம்மா சொன்னார்: "உப்புத் தண்ணில சோப்பு சரியா போகாது, தோல் காஞ்சு எரியும். அதுக்காக எல்லாப் பருவுக்கும் தண்ணிதான் காரணம்னு சொல்ல முடியாது. நீ பத்து தடவை தேய்க்கிறதுதான் பெரிய தப்பு. ரெண்டு தடவை மெதுவா கழுவு, போதும்."

அம்மா ஜெயித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியும் தோலைக் காயவைக்கும்னு சொன்னாங்களே, கேட்டியா?" என்றேன் நான்.

களிம்பு தடவி, கையை அடக்கி, சில மாதங்களில் பரு குறைந்தது. பிறகு கல்யாணமும் ஆனது. ஆனால் வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், நைனா ஆரம்பித்துவிடுவார்: "பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு காபில உப்பு போட்டு அனுப்புனவ இவதான்!" எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாக.

ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்று திருத்துகிறேன்.

"நான் போடல நைனா. பூமி போட்டுச்சு."