மெயினை நிற்பாட்டாமல் ஒரு திருத்தவேலை

சுன்னாகம்,
புதன்கிழமை.

பிரியமுள்ள மச்சான் கிறகோரிக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் நீரும் வீட்டாரும் கொழும்பில் சுகமாயிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளும் உமது அத்தான் ஞானரட்ணம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்முடைய அக்கா இராசம்மாவும் நல்ல சுகம். ‘நல்ல சுகம்’ என்று எழுதி முடித்ததும் பேனையை வைத்துவிட்டு மூச்சு எடுத்துக்கொண்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கதைக்கத் தொடங்கினால் அக்கா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லுவா. விஷயம் இதுதான்: அந்த இதயச் சிகிச்சைக்கு நான் கொழும்புக்கு வரப்போவதில்லை. உங்கள் முன்னறைக்கு வெள்ளையடிக்க வேண்டாம்.

காரணத்தைக் கேளும். யாழ்ப்பாணத்தில் என்னைப் பார்த்த டாக்குத்தர் தாரிகா, எங்கள் பேத்தி வயதுப் பிள்ளை, படம் கீறி விளங்கப்படுத்தினா. என் இதயம் ஏற்கெனவே பலவீனம், இரத்தத்தைத் தள்ள அதற்குச் சக்தி காணாது. அது போதாதென்று மேலறைகள் இரண்டும் ஒழுங்காகத் துடிக்காமல் சும்மா நடுங்கிக்கொண்டு நிற்கின்றனவாம், மாத்திரைக்கும் அடங்கவில்லையாம். “ஐயா, இது கறண்ட் பிழை” என்றா. எனக்கு வந்ததே கோபம்! சுன்னாகம் மின்நிலையத்தில் தலை நரைக்கும்வரை வேலை செய்தவனுடைய நெஞ்சுக்குள்ளேயா கறண்ட் பிழை? தொடை மடிப்பிலுள்ள இரத்தக்குழாயால் வயர் போல ஒன்றை இதயம்வரை ஏற்றி, கள்ளக் கறண்ட் கிளம்புகிற இடத்தைச் சுற்றிச் சுட்டுவிடுவார்களாம். “மெயினை நிற்பாட்டிப்போட்டோ செய்வியள்?” என்று கேட்டேன். “மெயினை நிற்பாட்டினா நீங்கள் இருக்கமாட்டியள் ஐயா” என்றா பிள்ளை. ஓடுகிற லைனில் கை வைத்தவனை நான் வேலையை விட்டே கலைத்திருக்கிறேன், இப்போது நானே போய் நெஞ்சைக் கொடுப்பதோ? “சுட்டா இனி வராதோ?” என்றேன். “திரும்பவும் வரலாம். ஆனா உங்களைப்போல இதயம் பலவீனமான கனபேருக்கு மூச்சு லேசாயிருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடுறதும் குறைஞ்சிருக்கு” என்றா. உத்தரவாதம் தரமாட்டாவாம். கடையில் வாங்குகிற ஃபானுக்கே ஒரு வருஷம் தருகிறார்கள்.

பிறகு, நோயாளி என்று என்னை வருத்தம் பார்க்க வருகிறவர்கள். பக்கத்து வீட்டு நமசிவாயம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, “என்ரை சகலனுக்கும் உதே வருத்தம்தான்” என்றார். “இப்ப எப்பிடி இருக்கிறார்?” என்று ஆவலாகக் கேட்டேன். “போன கிழமைதான் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சுது. நல்ல சாப்பாடு” என்று சொல்லி, வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து அவரே சாப்பிட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை உம்முடைய அக்காவின் ஜெபம். சாப்பிட முன் கைபிடித்து ஜெபிக்கிற எங்கள் வீட்டு வழக்கம் உமக்குத் தெரியும். முன்பு இரண்டே வசனம், பருப்பில் ஆவி பறக்கும்போதே ஆமென். இந்த வருத்தம் வந்த பிறகு மயிலிட்டி மீனவர், வெங்காயச் செய்கைக்காரர், பாராளுமன்றம் என்று ஒருவரையும் விடுகிறா இல்லை. நடுவில் நின்றுபோகிறா, பிறகு தொடங்குகிறா. பாவம், மறதி வந்துவிட்டதென்று நினைத்தேன். நேற்று மத்தியானமும் “ஆண்டவரே, மயிலிட்டிக் கடலிலை…” என்று நின்றுவிட்டா. பசி பொறுக்காமல் கண்ணைத் திறந்தேன். அவவின் கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன, சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. விரல்கள் என் மணிக்கட்டு நாடியில் இருந்தன. நாடி தடுமாறும்போது ஜெபம் நின்றது, நாடி திரும்பியதும் ஜெபமும் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு பலமாக ஆமென் சொன்னேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, மச்சான். எனக்குத்தான் பயமென்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் அவ பயந்துகொண்டிருந்திருக்கிறா.

இனி உமக்கு மட்டும் உண்மையைச் சொல்லுறன். தெரியாத ஊர் ஆஸ்பத்திரி வாங்கிலே அவவைத் தனிய இருத்திப்போட்டு உள்ளே போய், ஏதும் நடந்தால்? இங்கே கிடந்தால் அவவின் விரலுக்குக் கீழேயாவது கிடப்பேன். இன்னொன்றும் இருக்கு, சிரிக்காதையும். கலியாணம் முடித்த புதிதுக்குப் பிறகு அவ இவ்வளவு நேரம் என் கையைப் பிடித்ததில்லை. நாடி சரிவந்துவிட்டால் ஜெபமும் பழையபடி இரண்டு வசனமாகிப்போகும். ஆகவே வரமாட்டேன். இதுதான் முடிந்த முடிவு.

லவீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லும். சமாதானத்தின் தேவன் உங்கள் கூரைக்கும் அதன் கீழ் இருப்பவர்களுக்கும் காவலாயிருப்பாராக.

அன்புள்ள அத்தான்,
ஞானரட்ணம்

பி.கு.: உறை எடுக்க எழும்பிப் போய் மூச்சுவாங்கித் திரும்புவதற்குள் உம்முடைய அக்கா இதை முழுதாக வாசித்துவிட்டா. கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. “நாடி சரிவந்தா நான் கையை விட்டிடுவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டா. பிறகு அலுமாரியைத் திறந்து என் சேட்டுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டா. ஆகவே மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. திங்கட்கிழமை ரெயிலில் வாறம், முன்னறைக்கு வெள்ளையடியும். உங்கள் வீட்டிலும் சாப்பாட்டு ஜெபத்தை அக்காவிடமே விட்டுவிடும். சோறு ஆறினால் ஆறட்டும்.