தானாகவே போனதற்கு ஒரு சான்றிதழ்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் டாக்டர் பஹ்ஜத் அவர்களுக்கு, தந்தாவிலிருந்து உங்கள் தங்கை இன்ஷிராஹின் கணவன் ஷஹாத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். திம்யாத்தில் நீங்களும் வீட்டார் அனைவரும் உங்கள் மருந்துக்கடையும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக. இங்கும் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஒத்துழைக்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் உங்கள் தங்கை எந்த அறையில் இருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதனால் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஷயம் நம் மூத்தவள் நிஹாலின் மோதிரம். நிச்சயத்தன்று மாப்பிள்ளை ஹைஸம் போட்ட ஷப்கா நகைகளில் ஒற்றைக்கல் வைர மோதிரம் ஒன்று இருந்ததே, நீங்கள்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நல்ல கல் என்றீர்களே, அதேதான். சின்னவள் தஸ்னீமுக்கு இந்த வருஷம் பொதுத்தேர்வு. புதன்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு மிஸ்டர் லுத்ஃபி வீட்டுக்கு வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பெண்களை உட்காரவைத்து வேதியியல் நடத்துகிறார். நான் பக்கத்து அறையில் பேப்பர் படிப்பதுபோல இருந்து கேட்பேன். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே பண்டகசாலையில் காவல் இருந்தவன், காதைச் சும்மா வைத்திருக்க வராது. போன புதன் அவர் நடத்தியதைக் கேட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். உலகத்தில் எல்லாமே ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்குத்தான் ஓடுகிறதாம், அந்தச் சிதறலுக்கு என்ட்ரோபி என்று பெயராம், மொத்தத்தில் அது கூடுமே தவிரக் குறையாதாம். இதை நான் பண்டகசாலையில் முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டேன், பெயர் வைக்கத்தான் தெரியவில்லை. அப்புறம் கட்டிலா ஆற்றல் என்று ஒன்றாம். அது குறைகிற திசையில் வினை தானாகவே நடக்குமாம், யாரும் தள்ள வேண்டாமாம், திரும்பி வரவேண்டுமென்றால்தான் யாராவது பாடுபட வேண்டுமாம். இரும்பு துருப்பிடிப்பது அப்படி, சர்க்கரை தேநீரில் கரைவது அப்படி. கடைசியாக அந்த மனிதர் கொஞ்சமும் இரக்கமில்லாமல் சொன்னார்: "உங்க அம்மா விரல்ல வைரம் இருந்தா, அதுவும் பென்சில் கரியா மாறத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. அதுவும் தன்னிச்சை வினைதான், எழுதிக்கங்க." ஐந்து பெண்களும் பதறாமல் எழுதிக்கொண்டார்கள். அதற்குள் கேஸ் சிலிண்டர்காரன் தெருவில் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு வந்துவிட, உங்கள் தங்கை என்னைக் கீழே விரட்டினாள். நான் சிலிண்டரோடு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது பாடம் முடிந்து மிஸ்டர் லுத்ஃபி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண் வீட்டார் நிச்சயத்தை முறித்தால் ஷப்காவை வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும். முறிக்காவிட்டாலும் ஹைஸமின் தாயார் ஹாஜா அஃபாஃப் வரும்போதெல்லாம் நிஹாலின் கையைப் பிடித்து, அன்பாகத் தடவுவதுபோல, கல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் அந்த இடத்தில் ஒரு பொட்டுக் கரி இருந்தால் என்ன சொல்வார்? அது வேதியியல் என்றா சொல்வார்? ஷஹாத்தா கல்லை மாற்றிவிட்டான் என்பார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு திருகாணி குறைந்ததில்லை என்று பெயரெடுத்தவன் சம்பந்தி வாயால் திருடன் ஆவேன், பெண்ணின் வாழ்வும் போகும். அன்றே நிஹாலின் அலமாரியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கல்லின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது மச்சான். என் கண்ணில் பூச்சி பறக்கிற வியாதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பறக்கவில்லை.

என்ன செய்வது? வெயிலில் வெண்ணெய் கெடும், குளிரில் நிற்கும், இது எல்லோருக்கும் தெரியும். அதனால் மோதிரத்தை உறைபெட்டியில் வைக்க முடிவு செய்தேன். சும்மா வைத்தால் உங்கள் தங்கை கேள்வி கேட்பாள் என்று, அவள் கீரை சீசனில் நறுக்கிக் கட்டியாக உறையவைத்திருந்த மொலோகியாப் பைகளில் ஆக அடியில் இருந்ததைப் பிரித்து, நடுவில் அழுத்தி மூடினேன். மேலே ஐந்து பைகள். பண்டகசாலை முறைப்படி மேலிருந்துதான் எடுப்பார்கள். இரண்டு நாள் நிம்மதி கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தேநீரில் சர்க்கரை போடவே பயம், கரைந்தால் வராதே என்று. நிஹால் தன் அறையில் துணிமணிகளையும் பாத்திரங்களையும் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒழுங்காக அடுக்கத்தான் அடுக்கினாள், ஆனால் அறை மட்டும் நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். முயல்கறியும் மொலோகியாக் கீரைச் சாறும். நான் சமையலறைக்குப் போனபோது இன்ஷிராஹ் பூண்டும் கொத்தமல்லியும் வதக்கிய தாளிப்பைப் பானையில் கொட்டப்போகிறாள். பக்கத்தில் காலிப் பைகள் ஆறு. அவள் வழக்கப்படி தாளிப்பைக் கொட்டிக்கொண்டே, மொலோகியா ருசிக்க வேண்டும் என்று நெஞ்சில் கைவைத்துப் பெரிதாக மூச்சை இழுத்தாள். அதே நொடியில் நானும் இழுத்தேன். என் மூச்சு அவளுடையதைவிடப் பெரிது. "இருபத்தேழு வருஷத்துல இன்னிக்குத்தாங்க சமையல்ல எனக்கு ஒத்தாசை பண்ணியிருக்கீங்க" என்று கண்கலங்கிவிட்டாள்.

மேசையில் கரண்டியை நானே பிடித்துக்கொண்டேன். பரிமாறுவதற்கு முன் பானையை அடிவரை துழாவினேன். கிடைக்கவில்லை. பிறகு கிண்ணம் கிண்ணமாக நானே குடித்துப் பார்த்தேன். ஐந்து கிண்ணம் மச்சான். ஹாஜா அஃபாஃப் தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். பிறகு நிஹாலைப் பார்த்து, மோதிரம் எங்கே கண்ணு என்று கேட்டார். நான் ஆறாவது கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். நிஹால் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், மெருகு போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். என் பெண் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து உருகுவதற்குள் எதிரில் 'டக்' என்று ஒரு சத்தம். ஹைஸம் மெல்லுவதை நிறுத்தினான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. துடைக்கும் துணியை வாயருகே கொண்டுபோய், எதையோ துப்பி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நிஹாலைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் போனபின் அவன் தட்டில் கடுகளவு சில்லு ஒன்றைக் கண்டெடுத்தேன். பல்லுக்கு உடைகிற வைரம் உண்டா மச்சான்? உள்ளே பாதி மாறிப்போயிருந்தால்தானே உடையும்? சில்லைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கல்யாணத் தேதி பேச மறுபடி வருகிறார்கள். பையன் சாட்சியத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். அன்று அதை மேசைமேல் வைத்து நிச்சயத்தை முறிக்கப்போகிறான் என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. நிஹால் மூன்று நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பண்டகசாலையில் சரக்கு தானே உலர்ந்தோ உதிர்ந்தோ குறைந்தால் ஒரு குழு கூடி, 'இது தானாகவே போயிற்று, காவல் இருந்தவர் பொறுப்பல்ல' என்று எழுதி முத்திரை குத்திவிடும். அதோடு அவன் தலை தப்பும். நீங்கள் படித்த மருந்தாளர், உங்களிடம் முத்திரையும் இருக்கிறது. கட்டிலா ஆற்றல், என்ட்ரோபி எல்லாம் போட்டு, அதேபோல் ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டு வியாழனுக்குள் வந்து சேருங்கள்.

உங்கள் வாசலில் நோய் வராமலும், நோயாளிகள் குறையாமலும் இருக்க துஆ செய்யும்,
உங்கள் மைத்துனன்,
ஷஹாத்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்து எழுதுகிறேன். சில்லைத் தொட வேண்டாம், விரலைக் கிழித்துவிடும். அது கண்ணாடி. நிஹால் இப்போதுதான் தேநீரோடு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வைரத்துக்கு ஒதுக்கிய பணத்தை அவளும் ஹைஸமும் பேசிக்கொண்டு புதுவீட்டின் கதவு ஜன்னலுக்குப் போட்டுவிட்டார்களாம். நீங்கள் நல்ல கல் என்றதும் இருவருக்கும் தைரியம் வந்ததாம். ஹாஜா அஃபாஃபுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மோதிரம் காணாமல் போனதும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். பாவம் ஹைஸம், அவனை எல்லோர் முன்னும் மாட்டிவைக்கத்தான் நான் அதை மொலோகியாவில் போட்டுக் கரண்டியும் கையுமாக நின்றேன் என்று எண்ணி மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். அவள் போனிலேயே மிஸ்டர் லுத்ஃபியையும் விசாரித்தேன். "சார், நடக்கும்னுதான் சொன்னேன், இன்னிக்கேன்னு சொல்லலையே. இறக்கம் இருந்தாலும் முதல்ல ஒரு மலையைத் தாண்டணும். வைரத்துக்கு அது கோடிக்கோடி வருஷம் ஆகும். நீங்க சிலிண்டருக்குப் போனப்ப அதைத்தான் நடத்தினேன்" என்றார்.

சிரித்தேன் மச்சான், அவள் எழுந்து போகிறவரைக்கும். போகும்போது வாசற்படியில் நின்று, "கதவு, ஜன்னல் எல்லாம் மாட்டியாச்சு பாபா. கல்யாணத்தைப் பெருநாள் கழிஞ்ச வாரமே வெச்சுக்கலாம்னு அவர் கேக்கறார். நானும் சரின்னுட்டேன்" என்றாள். யாரும் தள்ளவில்லை, தானாகவே சரி என்றிருக்கிறாள். சான்றிதழை ஏற்கெனவே எழுதியிருந்தால் கிழிக்க வேண்டாம். மோதிரம் என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். 'தானாகவே போயிற்று, காவல் இருந்தவர் பொறுப்பல்ல' என்று யாராவது எழுதிக் கையில் கொடுத்தால் எனக்கு நன்றாக இருக்கும்.