யாம்போல் ஊரில் தலையாட்டிய குண்டு

“தாளையெல்லாம் உறையில போட்டு மூடிட்டு, அப்புறம் ஆட்டுங்க மேடம்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று பேருந்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அம்மா ஸ்டோயன்கா தன் மகள் விஹ்ராவுக்கு ஓதியிருந்தாள். “எது வேணா கேளுடி. நிரூபிச்சுக் காட்டுன்னு மட்டும் கேட்டுறாத. குண்டு கோவிச்சுக்கும்.”

கோபித்துக்கொள்ளும் குண்டு! அதைப் பார்க்கத்தான் யாம்போல் ஊர்ப் பொதுக்கூடத்தில் நிற்க இடமில்லை. பள்ளி முடித்த பிள்ளைகளை அம்மா அப்பாக்கள் சந்தை ஆடுபோல இழுத்து வந்திருந்தார்கள். எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்பதை மேடம் எவ்லோகியாவின் நூலில் தொங்கும் செம்புக் குண்டு சொல்லிவிடுமாம். ஸ்விட்சர்லாந்தில் அணுத்துகள்களை மோதவிடும் சுரங்கத்துக்கு மேலே நாற்பது நாள் தொங்கியதாம். குவாண்டம் ஏறியிருக்கிறதாம். போன வருடம்வரை மேடம் திரைச்சீலை விற்றவர். குவாண்டம் என்றால் என்ன என்று கேட்டால் “அதான், அது” என்பார். வரிசையில் வக்கீலும் நின்றார், பல் டாக்டரும் நின்றார். மூன்று மணி நேரம், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு. படித்தவர்கள், பாவம்.

விஹ்ராவின் வீட்டில் இதுவரை ஒருவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். அவளுடைய சான்றிதழ் அம்மாவின் கைப்பையில். குண்டு சம்மதித்தால்தான் அது வெளியே வரும்.

ஐந்து படிப்புகள், ஐந்து தாள்கள். சட்டம் என்று எழுதிய தாளின் மேல் குண்டு, அந்த ஊர்க்காரர்கள் தலையாட்டுவதுபோலவே, இடமும் வலமுமாக ஆடியது. ஆமாம்! இயற்பியலின் மேல் முன்னும் பின்னுமாக ஆடியது. இல்லை!

“பிசிக்ஸ் படிச்சா சாக்பீஸ் தூசிதான் திங்கணும்” என்றார் மேடம்.

“அம்மா, உன் தொண்டைக் கட்டிக்குக் கதிர் வச்சாங்களே, எங்க, எவ்வளவுன்னு கணக்குப் போட்டது யாரு?”

“டாக்டருதான்.”

“பக்கத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்த அக்கா. பிசிக்ஸ் படிச்சவ. டாக்டருக்குத் தேன் ஜாடி கொண்டுபோய்க் குடுத்த. அவளைத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்த வேலைக்குத்தான்மா நான் போகணும்.”

அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. கண் மட்டும் குண்டைவிட்டு அகலவில்லை.

விஹ்ரா மேடத்தின் பக்கம் திரும்பினாள். “ஸ்விட்சர்லாந்துல ஆமான்னா தலையை மேலயும் கீழயும் ஆட்டுவாங்க. நம்மளை மாதிரி பக்கவாட்டுல ஆட்ட உங்க குண்டு எங்க கத்துக்கிச்சு?”

கூட்டம் சிரித்தது. “வந்த இடத்துல பழகிக்கிச்சு” என்றார் மேடம்.

“கெட்டிக்காரக் குண்டு!” என்ற விஹ்ரா அப்போதுதான் அந்தக் கேட்கக்கூடாததைக் கேட்டாள்.

மூன்று மணி நேரம் கால் கடுத்த கூட்டத்துக்கு அது பிடித்துவிட்டது. “செய்ங்க மேடம்!” வக்கீல் தன் பையிலிருந்து ஒரே மாதிரி உறைகள் எடுத்தார். தகவல் பலகையிலிருந்து ஒரு விளம்பரத் தாளைக் கிழித்து விஹ்ரா அவரிடம் நீட்டினாள். வக்கீல் மேடத்துக்கு முதுகு காட்டி, ஐந்து தாள்களை ஐந்து உறைகளிலும் அதை ஆறாவது உறையிலும் போட்டு மூடி, கலைத்து அடுக்கினார்.

மூன்றாவது உறைமேல் குண்டு பக்கவாட்டில் ஆடியது. பிரித்தார்கள். இயற்பியல்!

“குண்டே சொல்லிருச்சுடி!” அம்மா சான்றிதழை எடுத்து நீட்டியேவிட்டாள்.

விஹ்ராவின் கை பாதிவழி போனது. வாங்கிக்கொண்டு போய்விடலாம். பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மருத்துவம் வேண்டாம் என்று குண்டு சொன்ன பெண். விஹ்ரா கையை மடக்கினாள்.

“பத்து நிமிஷம் முன்னாடி இல்லன்னுச்சு. இப்ப ஆமாங்குது. ரெண்டுல ஒண்ணு பொய். இன்னொரு தடவை.”

“பைத்தியமாடி உனக்கு!”

இயற்பியல் தாளைப் புது உறையில் போட்டு மீண்டும் கலைத்தார் வக்கீல். இம்முறை ஐந்து உறைகளுக்கு ‘இல்லை’. கடைசி உறைமேல் குண்டு ஆடியது பாருங்கள், மேடத்தின் முழங்கையும் சேர்ந்து ஆடியது! வக்கீல் பிரித்து உரக்கப் படித்தார்: “சாக்கடை அடைப்பா? உடனே கூப்பிடுங்கள்.”

“இதை எந்தப் பல்கலைக்கழகத்துல சொல்லித் தர்றாங்க மேடம்?” என்றார் பல் டாக்டர். கூடம் குலுங்கியது.

“கண்ணு படிக்குது, விரல் அசையுது, குண்டு ஆடுது” என்றாள் விஹ்ரா. “கண்ணை மறைச்சா குண்டுக்கு எழுத்தே தெரியல.”

மேடம் மேசைக்கடியில் குவாண்டம் குண்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா நீட்டிய சான்றிதழ் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

“இப்ப யாரு சொன்னதுக்காக இதைக் குடுக்குற, அம்மா?”

“என் கழுத்து சொல்லுதுடி. வாங்கிட்டுப் போ.”

வாங்கினாள். வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். “ஆமா, இல்லன்னு ஆட்ட ஆளுக்கொரு குண்டு தோளுக்கு மேலயே இருக்கு. ஆட்டுறதுக்கு முன்னாடி அதை வச்சுக் கொஞ்சம் யோசிங்க.”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. அஞ்சலகம் மூட இன்னும் நாற்பது நிமிடம். விண்ணப்பத்தின் முதல் வரியில் இயற்பியல் என்று காலையிலேயே பேனாவால் எழுதியிருந்தாள்.