கையுறைக்குள் அடங்காத நகங்கள்

மதிப்பிற்குரிய அக்கா எர்னஸ்டீனுக்கு,

டெட்ராயிட்டிலிருந்து தம்பி ஆர்டெல் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே கூரை ஒழுகவில்லை, கார் ஓடுகிறது, உன் தம்பி பெண்டாட்டி வெர்னீஸுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து சோபாவில் கால் நீட்டியபடி என்னை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அலபாமாவில் உன் தோட்டத்துக் கீரை தழைத்தும் உன் ரத்த அழுத்தம் அடங்கியும் இருக்கும் என்று நம்புகிறேன். நிற்க. என்னால்தான் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

காரணம் என் மகள், உன் மருமகள் டமிக்காவின் நகம். நீயும் நானும் சொறிந்துகொள்ள வைத்திருக்கிறோமே, அந்த நகம் இல்லை. விரல் முடிகிற இடத்தில் இன்னொரு விரல் தொடங்கி, அது பாட்டுக்குப் போய்ப் போய் ஊசி முனையில் முடிகிறது. ரத்தச் சிவப்பு. கடையில் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டு வருகிறாள். நான் கார் ஆலையில் பிரஸ் மெஷினோடு ஆயுசைக் கழித்தவன், மோதிரம் போட்டுக்கொண்டு வந்தாலே சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இவளோ சோடா டின்னைத் திறக்க ஸ்பூன் தேடுகிறாள், சட்டைப் பித்தானுக்கு அம்மாவைக் கூப்பிடுகிறாள், இதோ இப்போதுகூட மாடியில் போனைத் தட்டுகிறாள், டக் டக் டக் என்று மரங்கொத்திக்கு வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கிறது வீடு. "ஏம்மா, இதுல என்னம்மா அழகு?" என்று கேட்டேன். "உங்க டையில என்ன டாடி அழகு? ஒரு நாளாவது அது சூப்புல விழாம சாப்பிட்டிருக்கீங்களா?" என்கிறாள். சொல்லு அக்கா, இது ஒரு பதிலா?

நகம் வீட்டோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன், சரி, மூடப் பார்த்திருப்பேன். ஆனால் அது சபைக்குள் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனைக்கு வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைக்கிற எங்கள் வாசல் அணியின் ஆண்டு விழா, மற்ற சபைகளின் வாசல் அணிகளும் வெள்ளைச் சீருடையில் நடை போட்டு வரும். இருக்கைகளுக்கு நடுவே வெர்னீஸ் நின்றுவந்த நடுவழி இடம் முட்டியால் காலி. அங்கே டமிக்கா நிற்க, வாசலில் நான் நிற்க, அப்பனும் மகளுமாக ஒரே வரிசையில் நிற்கவேண்டும் என்று எனக்கு எத்தனை வருஷத்து ஆசை, உனக்குத் தெரியாததா? எங்கள் வேலையில் வாய் திறக்கக்கூடாது, எல்லாம் கைஜாடை. எத்தனை இடம் காலியோ அத்தனை விரலை நடுவழிக்காரர் தூக்கிக் காட்டுவார், அத்தனை பேரை நான் வாசலிலிருந்து உள்ளே அனுப்புவேன். அதற்குத்தான் வெள்ளைக் கையுறை. அதற்குள் இந்த நகம் போகுமா?

போன ஞாயிறு ஒரு சோதனைக்கு நிறுத்திப் பார்த்தேன். மகராசி, கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டு எல்லாச் சிவப்பு ஊசிகளையும் வெளியே நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்! பாட்டு ஆரம்பித்துவிட்டது, சண்டை போட நேரமில்லை. சிஸ்டர் லூசிலுக்கு இடம் காட்டினாள். அந்த அம்மாவின் தொப்பி உனக்கு ஞாபகமிருக்கும், பின்வரிசைக்காரர்களுக்குப் போதகரின் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. அந்தத் தொப்பியின் வலையில் நகம் மாட்டிக்கொண்டது. இவள் இழுக்க அவர் தலை வர, அவர் இழுக்க இவள் கை போக, இரண்டு பேரும் நடுவழியில் முன்னும் பின்னும் குதிக்க, ஆர்கன்காரன் பார்த்தான். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டினான். டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. சபையே எழுந்து கைதட்டியது. "அப்படித்தான் சிஸ்டர், விட்டுடாதீங்க!" என்று பெரியவர்கள் கத்த, "விடத்தான்யா பாக்குறேன்!" என்று அவர் அலற, எங்கள் அணிப் பெண்கள் ஆவி இறங்கி ஆடுகிறவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி ஓடிவந்து சுற்றி நின்று விசிறினார்கள். போதகர் பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டுத் தானும் ஆட வந்துவிட்டார். கடைசியில் ஒரு நகம் பிய்ந்து தொப்பியோடு தங்கிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்றைக்கு நான் அனுப்பிய ஒருவருக்குக்கூட இடம் தவறவில்லை. மற்ற வாரங்களில் பாதிப்பேர் திரும்பி வந்து என்னை முறைப்பார்கள். விரலை ஒழுங்காகத் தூக்கு என்று வெர்னீஸிடம் நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "நகமா, வரிசையா? ஒண்ணச் சொல்லு." யோசிக்கவே இல்லை அக்கா. "நகம்தான் டாடி. வேற ஆளப் பாத்துக்குங்க." சோபாவிலிருந்து வெர்னீஸ், "ஏய்யா ஆர்டெல், அந்த வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?" என்றாள். அன்றிலிருந்து மகள் என்னோடு பேசுவதில்லை. எனக்கோ வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பைக்கூட ஒரு துண்டோடு நிறுத்திவிட்டேன். அவள் இல்லாத வரிசை எனக்கு எதற்கு? ஆனால் அணித் தலைவன் ஆயிற்றே, சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? ஆகவே நீதான் அவளுக்கு போன் போட்டு, அத்தை என்ற உரிமையில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு அந்த நகத்தை எடுக்க வைக்கவேண்டும். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே. இங்கே பேசினால் மாடிக்குக் கேட்கும் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

கர்த்தர் உன்னையும் உன் கீரைப் பாத்தியையும் முயல்களிடமிருந்து காப்பாராக. வெர்னீஸின் அன்பும் இதோடு வருகிறது, அவளைக் கேட்காமல்தான் அனுப்புகிறேன்.

உன் பாசமுள்ள தம்பி,
ஆர்டெல்

பின்குறிப்பு: போன் போட்டுத் தொலைத்துவிடாதே! உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நேற்று மாலை ஒத்திகைக்கு டமிக்கா தானாகவே வந்தாள். நகம் ஒன்றுகூட இல்லை, முழுக் கையுறை. "அம்மா இடம் காலியா கெடக்கக்கூடாது, அதுக்குத்தான். உங்களுக்காக ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போய் வாசலில் நின்றேன். அவள் நடுவழியில் கையைத் தூக்கினாள். அக்கா, ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ மேலே போனது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கான இடத்துக்கு ஐந்து பேரை அனுப்பிவிட்டேன், ஒருவர் பியானோ ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். விதியை மீறி அங்கிருந்தே கத்தினாள். "டாடி, இது எத்தன?" "லைட் சரியில்லம்மா." "போன ஞாயித்துக்கெழமையும் இதே லைட்தான்." அப்புறம் கிட்டே வந்து என் டையை நேராக்கிவிட்டு, "கண்ணு தெரியலன்னு அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை நான் எழுதுவது அந்த நகக் கடையில், அவளுக்குப் பக்கத்து நாற்காலியில். விழாவுக்கு மறுநாளே நான் கண் டாக்டரிடம் போவதாக வாக்குக் கொடுத்தாயிற்று, அதுவரைக்கும் அவள் விரலில் அதே சிவப்பு நகம்தான். சிஸ்டர் லூசில் வேறு தனக்கு அதே இடம்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். "எவ்வளவு நீளம் வைக்கட்டும்?" என்று கடைக்காரம்மா டமிக்காவைக் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டேன். "வாசல்லேர்ந்து பாத்தா தெரியணும்மா."