மாதாவுக்கு சீட் பெல்ட் போட்ட நாள்

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.) வண்டியைப் பறிகொடுத்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கலாம். பின்சீட்டில் தேவமாதாவை உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டு, அந்த வண்டியைப் போலீஸ் கிரேனுக்குக் கொடுத்துவிட்டுத் தையற்கடை ஸ்டூலில் குறட்டை விட்டவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் தூக்கம். நாலைந்து தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்வதற்கு எங்கள் கோயிலில் அன்பியம் என்று பெயர். அதற்குப் புதிதாகத் தலைவர் தேடின கூட்டத்தில் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். "லூர்து தம்பி பாத்துக்குமா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து என் தலை முன்பக்கம் தொங்கியிருக்கிறது. கைதட்டல் கேட்டுத்தான் கண் விழித்தேன். எதற்கோ தட்டுகிறார்கள் என்று நானும் தட்டினேன்.

ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அவருக்கு அன்பியம் கிடையாது. எனக்கு அலுவலகம், இரண்டு பெண் பிள்ளைகள், நர்ஸ் வேலையில் இருக்கும் மனைவி ஸ்டெல்லா, அவளுடைய மாறிக்கொண்டே இருக்கும் டூட்டி, பாடகர் குழு, ஞாயிறு மறைக்கல்வி, எப்போதும் ஒழுகுகிற சமையலறைக் குழாய், இவற்றுக்கு நடுவில் அன்பியம். நானும் ஸ்டெல்லாவும் முகம் பார்த்துப் பேசினது குறைந்து, வாசலில் சாவி கைமாறும்போது மட்டும் பேசிக்கொள்கிறவர்களாக ஆகியிருந்தோம். "மாவு ஃபிரிஜ்ல." "சரி." "சின்னவளுக்கு இருமல்." "சரி." இதுதான் எங்கள் தாம்பத்தியம்.

அக்டோபர் வந்தால் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது சிலை, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று தங்கும். சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லி, மெழுகுவத்தியோடு பாடிக்கொண்டே நடந்துபோய் அடுத்த வீட்டில் இறக்கிவைப்போம். யார் வீட்டுக்கு எந்த நாள் என்று பிரித்துக் கொடுப்பது தலைவர் வேலை. சம்பளம் இல்லாத உத்தியோகம். திட்டு மட்டும் உண்டு.

அந்த வருஷம் என்னிடம் நாள் கேட்டு வந்தவர்களில் மார்த்தா அக்காவும் ஒருத்தர். எங்களுக்குப் பின் தெரு. வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். ஒரே பையன் பாஸ்கல். அவனுக்குப் பிரான்சில் வேலை கிடைத்திருந்தது. அக்காவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அதனால் பையன் மட்டும் போகிறான்.

"தம்பி, அவன் பொறப்படற அன்னிக்குத்தான் மாதா எங்க வூட்டுக்கு வரணும். மாதா கால்ல வுழுந்துட்டு அப்படியே கார்ல ஏறட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அதுக்கென்னாக்கா, முந்தின நாள் எங்க வீட்டுலதான் இருப்பாங்க. சாயங்காலம் பொழுதோட கொண்டாந்து உட்டுடறேன்."

"அவன் வண்டி ஆறு மணிக்கு வந்துரும்டா."

"அக்கா, நான் இருக்கேன்ல?"

(இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடத்திலெல்லாம் ஏதாவது இடிந்திருக்கிறது.)

அந்த நாளும் வந்தது. ஸ்டெல்லாவுக்குப் பகல் டூட்டி. பிள்ளைகள் பள்ளிக்கூடம், அது முடிந்து டியூஷன். நான் லீவு போட்டிருந்தேன், ஓய்வெடுக்க அல்ல. மறுநாள் ஸ்டெல்லாவின் அண்ணன் குடும்பம் சாப்பிட வருகிறது. மீன் வாங்க வேண்டும். பாடகர் குழுவுக்குப் பாட்டுத்தாள் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். பெரியவளின் கவுன் தையற்கடையில் இருந்தது. கிளம்பப் போகும்போது ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன்.

"வீட்டைப் பூட்டிட்டுப் போறேன்."

"மாதாவ உள்ள வச்சா?"

"பின்ன?"

"என்னங்க, வந்த விருந்தாளிய உள்ள வச்சுப் பூட்டிட்டு ஊர் சுத்துவீங்களா? எங்கம்மா வீட்டுல மாதா இருக்கிற அன்னிக்கு யாராச்சும் ஒருத்தர் வீட்டுலயே இருப்பாங்க."

"மீன் யாரு வாங்கறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது." போன் வைக்கப்பட்டது.

புத்தியுள்ளவன் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பான். நானோ மாதாவைத் தூக்கி வண்டியின் பின்சீட்டில் வைத்தேன். சுரூபம் மூன்று வயதுப் பிள்ளை உயரம் இருக்கும், தலையில் கிரீடம். பிரேக் போட்டால் விழுந்துவிடுமே என்று பெல்ட்டையும் மாட்டினேன். தனியாகவும் விடவில்லை, வேலையும் கெடவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் மாதாவை வண்டியோடு வெளியே நிறுத்திவிட்டு வஞ்சிரம் வாங்கினேன். கூடையைப் பின்னால் வைக்க மனசு வரவில்லை, முன்சீட்டுக்குக் கீழே வைத்தேன். ஐஸ் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். "சீக்கிரம் வூட்டுக்குப் போயிருங்க சார்" என்று மீன்காரம்மா சொன்னார். போயிருக்கலாம்.

ஜெராக்ஸ் கடையில் மின்சாரம் போய், வந்து, மறுபடியும் போனது. மத்தியானம் தாண்டித்தான் புஸ்ஸி வீதிப் பக்கம் தையற்கடைக்கு வந்தேன். அந்த வீதியில் ஒரு நாள் ஒரு பக்கம் வண்டி நிறுத்தலாம், மறுநாள் எதிர்ப்பக்கம். பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள், படித்தேன். இன்றைக்கு என்ன தேதி என்று யோசித்தேன், தெரியவில்லை. கிழமை யோசித்தேன், அதுவும் தெரியவில்லை. அக்டோபர் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. நிழல் இருந்த பக்கமாக நிறுத்தினேன்.

"அஞ்சே நிமிசம் சார், கொக்கி மட்டும் வைக்கணும், ஒக்காருங்க" என்றார் தையற்காரர். ஸ்டூல் இருந்தது. மேலே விசிறி. பின்னால் சாய்ந்துகொள்ள துணி மூட்டை.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது கவுன் மடித்துத் தயாராக என் மடிமேல் இருந்தது. வெளியே வந்தேன். நிழல் போயிருந்தது, வண்டியும் போயிருந்தது. வேறெங்காவது நிறுத்தியிருப்போமோ என்று வீதியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன், கையில் லேஸ் வைத்த கவுனோடு. திரும்பி வந்து தையற்காரரிடம் மூச்சு வாங்கினேன்.

"அண்ணே, என் வண்டி..."

"சில்வர் கலர் வண்டியா? அது அப்பவே கிரேன்ல இஸ்துகிட்டுப் போயிட்டாங்களே."

"ஏன்ணே எழுப்பல?"

"உங்க வண்டின்னு எனக்கு இன்னா தெரியும்? நான்கூட வேடிக்கை பாத்தேன் சார். பின்னாடி மாதா ஒக்காந்து போனாங்க. கையெடுத்துக் கும்புட்டேன்."

மணி நாலரை. ஆட்டோ பிடித்துப் போக்குவரத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். பின்புறம் பிடிபட்ட பைக்குகள் குவிந்து கிடந்த மைதானத்தில், அவற்றுக்கு நடுவே, என் வண்டி. கண்ணாடிக்குள் கிரீடத்தோடு, பெல்ட்டோடு, எந்தக் குற்றமும் செய்யாதவளாக மாதா. யாரோ கண்ணாடித் துடைப்பானில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் போனதும் மல்லிகையை மிஞ்சி வஞ்சிரம் வந்தது.

ஏட்டு பெரிய மீசைக்காரர், ஆனால் மரியாதையான ஆள். "லைசென்ஸ்?" என்றார். அது வேறு பேன்ட்டில் இருந்தது. "வண்டி யாரு பேர்ல?" ஸ்டெல்லா பேரில். "அப்ப அவங்க வரணும்."

"சார், வண்டிய வச்சுக்குங்க. மாதாவ மட்டும் குடுத்துருங்க. ஆறு மணிக்குள்ள ஒரு வீட்டுக்குப் போகணும்."

ஏட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை, கையில் பெண்பிள்ளை கவுன்.

"சிலைன்னாவே எங்களுக்கு பயம் சார். உங்ககிட்ட லைசென்ஸ் இல்ல, வண்டி உங்க பேர்ல இல்ல. நாளைக்கு வேற யாராச்சும் சிலையக் காணோம்னு வந்து நின்னா நான் இன்னா சொல்றது?"

"பிளாஸ்டர் சார் அது!"

"அதுவும் நீங்க சொல்றதுதான்."

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஏதாவது கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். கத்தவில்லை. "மாத்தி விட வேண்டிய ஆளு இன்னும் வரல. வந்ததும் வரேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

மணி ஐந்தரை ஆனது. அவள் வரவில்லை. இனிமேல் மறைக்க முடியாது என்று மார்த்தா அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், யாரோ நாற்காலி போடுகிற சத்தம். எல்லோரும் மாதாவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"எங்கடா இருக்க? உங்க வீடு பூட்டிக் கெடக்குதாம். பாஸ்கல் குளிச்சிட்டு நிக்கிறான்."

சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாஸ்கலை வழியனுப்ப அக்கா விமான நிலையத்துக்குப் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு வெளியே நின்று அழ முடியாது, மாதாகிட்ட ஒப்படைச்சிட்டா எனக்கு நிம்மதி என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிம்மதியைத்தான் நான் தையற்கடையில் தூங்கித் தொலைத்திருந்தேன்.

"எந்த ஸ்டேசன்?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பாஸ்கலின் வாடகைக் கார் வந்து நின்றது. மேலே பெட்டிகள். பின்னாலேயே ஆட்டோ, அதற்குப் பின்னால் இன்னொன்று, பைக்குகள். எங்கள் அன்பியமே இறங்கிற்று, அணைத்த மெழுகுவத்தியோடு. ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"இன்னாம்மா, மறியலா?"

"ஜெபமாலைங்க" என்றார் அக்கா. "என் புள்ள இப்ப பிரான்சுக்குப் போறான். மாதாவ நீங்க வெளிய உட வேணாம். அவன உள்ள உடுங்க, போதும்."

ஏட்டு அக்காவைப் பார்த்தார், காரின் மேல் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். போய் இரும்புக் கதவை அகலத் திறந்துவிட்டார்.

பைக்குகள் நெருக்கியிருந்ததால் வண்டிக் கதவு பாதிதான் திறந்தது. மண்டிபோட இடமில்லை. பாஸ்கல் புது ஜெர்கினோடு உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்து, மாதா பாதத்தில் நெற்றியை வைத்தான். இடுப்பு வரைக்கும் வண்டிக்குள். கால்கள் வெளியே, ஒரு பைக் மேல். அக்கா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டார். நாங்கள் வண்டிகளுக்கு நடுவில் கிடைத்த சந்துகளில் நின்று ஜெபமாலை சொன்னோம். காற்றில் மெழுகுவத்தி நிற்காததால் போன் டார்ச்சைப் பிடித்தோம். ஏட்டு ஷூவைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்றார்.

பாஸ்கல் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் நீர். நானும் அழுதுவிட்டேன். "அண்ணே, உள்ள மீன் வாட தாங்கல" என்று என் காதில் சொன்னான். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்போது அவன் தோள் குலுங்கியது மீனால் அல்ல.

கார் கிளம்பிப் போன பிறகுதான் ஸ்டெல்லா வந்து இறங்கினாள், நர்ஸ் சேலையைக்கூட மாற்றாமல். ஏட்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வண்டி என்னுது. மாதா அன்பியத்தோடது. மீனும் எங்களுதுதான். கடைசியில் ஏட்டு என்னைக் காட்டி, "சார் உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார்.

ஸ்டெல்லா என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"சரியா ஞாபகம் இல்ல சார். பாத்து ரொம்ப நாளாச்சு."

அபராதம் கட்டி வண்டியை எடுத்தோம். மாதா மட்டும் மறுபடி அதில் ஏறவில்லை. மார்த்தா அக்கா தன் இடுப்பில் பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டார், எல்லோரும் முதலியார்பேட்டை வரைக்கும் பாட்டோடு நடந்தார்கள். ஸ்டெல்லா வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நானும் ஊர்வலத்தில் நடந்தேன். என் கையில் மீன் கூடை. வண்டியில் இனி ஒரு நிமிஷம்கூட அது இருக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. ஊர்வலத்தில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நல்ல இடைவெளி விட்டிருந்தார்கள்.

அன்றிரவு அக்கா வீட்டில் மாதா இருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. அது ஒரு வகையில் ஓய்வாகத்தான் இருந்தது.

பாஸ்கல் இப்போதும் அங்கிருந்து போன் செய்தால், "மாதாவுக்கு ஜாமீன் கெடச்சுதாண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பான். ஏட்டு எங்கேயாவது சிக்னலில் நிற்கும்போது என் வண்டியைப் பார்த்துவிட்டால், குனிந்து முதலில் பின்சீட்டைப் பார்க்கிறார். என் பிள்ளைகள் மாமா வீட்டில் இந்தக் கதையை நடித்தே காட்டுவார்கள். தையற்கடைக் குறட்டைக்குச் சின்னவள், ஏட்டு மீசைக்குப் பெரியவள். அன்பியத் தலைவர் பதவியை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. கூட்டம் போட்டு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். இப்போதெல்லாம் அந்தக் கூட்டங்களில் மற்றவர்கள் ரொம்பக் கவனமாக விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த அக்டோபர் வந்தது. நாள் பிரிக்கும்போது மார்த்தா அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். சங்கடமாகத்தான் இருந்தது, இருந்தாலும் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, இந்த வருஷம் எந்த நாளு வேணுமோ நீங்களே சொல்லுங்க. எப்படிக் கொண்டாரணும்னும் சொல்லுங்க, அப்படியே செஞ்சிடறேன்."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"நீ தூங்கு, நானே வந்து எடுத்துக்கறேன்."