நிறம் சற்றே மாறியுள்ளது

பளிங்காற்று நாட்டில் எது நடந்தாலும் தமுக்கு அடித்துச் சொன்ன பிறகுதான் அது நடந்ததாக ஆகும். அரசருக்கு ஜலதோஷம் பிடித்ததும், அது நீங்கியதும், பட்டத்து யானைக்குப் பல் விழுந்து முளைத்ததும் குடிமக்களுக்கு அப்படித்தான் தெரியவந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தத் தமுக்கை அடித்தவன் இருளப்பன். கணீரென்ற குரல். எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வான். அவன் சொன்னால் ஊர் நம்பும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு சித்திரை மாதம் கீழத்தெருவில் மூன்றே நாளில் பன்னிரண்டு பேர் வாந்தியெடுத்துச் செத்தார்கள். ஆற்றின் மேல்பக்கம் அரசரின் மைத்துனர் கரிவரதர் புதிதாக ஒரு சாயப்பட்டறை தொடங்கியிருந்தார். அதன் கழிவு ஆற்றில் விழும் இடத்தில் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்ததை இருளப்பன் கண்ணால் பார்த்தான். அரண்மனைக்கு ஓடினான். எழுத்தர் பதறிப்போய் அப்போதே ஓலையில் எழுதினார்: "சாயப்பட்டறையின் விஷம் ஆற்றில் கலந்துவிட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். யாரும் ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம்."

ஓலை சொல்லமைச்சர் நயவுரையாரிடம் போயிற்று. அந்த நாட்டில் சோற்றுக்கு அமைச்சர் கிடையாது, சொல்லுக்கு இருந்தார்.

"விஷம் என்ற சொல்லில் ஒரு பதற்றம் இருக்கிறது, இருளப்பா. பதற்றம் உடம்புக்கு ஆகாது," என்றார் அமைச்சர்.

"தண்ணிதாங்க ஐயா உடம்புக்கு ஆகல."

"இறந்தார்கள் என்றால், எதனால் என்று கேட்பார்கள். கேள்விக்கு இடம் கொடுப்பது நல்ல சொல் அல்ல." எழுத்தாணியை எடுத்துத் திருத்தினார். "பளிங்காற்றின் நிறம் சற்றே மாறியுள்ளது. முதியோர் சிலர் இயற்கை எய்தினர். மக்கள் வழக்கம்போல் மகிழ்ந்திருக்கவும்."

"ஐயா, பன்னிரண்டுல ஏழு பேரு சின்னப் பிள்ளைங்க."

"அப்படியா? உண்மைக்கு மாறாக நாம் எதையும் சொல்லக்கூடாது," என்று அமைச்சர் 'முதியோர்' என்ற சொல்லை மட்டும் அடித்தார்.

எழுதிக் கொடுக்காததைச் சொல்லும் தமுக்குக்காரனின் நாக்கை அறுப்பது அந்நாட்டுச் சட்டம். இருளப்பன் ஓலையில் இருந்ததைச் சொன்னான். சந்தையில் நின்றவர்கள் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். கத்தரிக்காய் பொறுக்கப் போய்விட்டார்கள். கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவன் தங்கை வேலம்மை குடத்தோடு எதிரே வந்தாள்.

"நிறந்தானா அண்ணே? நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். "எதுக்கும் காய்ச்சிக் குடி," என்று மட்டும் சொன்னான். காய்ச்சினால் சாயம் போகாது என்று அவனுக்குத் தெரியும். எட்டாம் நாள் வேலம்மையின் புருஷன் செத்தான். அவன் நாற்பத்தோராவது ஆள்.

ஒப்பாரிச் சத்தம் அரண்மனைவரை கேட்கத் தொடங்கியதும், உச்சிப்பொழுதுக்கு முன் யாரும் உரக்க அழக்கூடாது என்று ஆணை பிறந்தது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு பேருக்கு மேல் போகக்கூடாது என்று இன்னொன்று. அப்படியும் சனங்கள் அரண்மனை வாசலில் கூடினார்கள். நயவுரையார் சாளரம் வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டே இருளப்பனிடம் சொன்னார்:

"முதல் அறிவிப்பில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. யார் செய்தது என்று நாம் சொல்லவில்லை. மக்கள் பசியைப் பொறுப்பார்கள். பழி சொல்ல ஆள் இல்லாததைப் பொறுக்கமாட்டார்கள்."

ஊரின் ஓரத்தில் பாய் முடைகிறவர்களின் அறுபது குடிசைகள் இருந்தன. மூன்று தலைமுறைக்கு முன் ஆற்றின் மறுகரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். இன்னமும் அவர்களுக்கு அக்கரையார் என்றுதான் பெயர். அமைச்சர் புது ஓலையை நீட்டினார்: "அக்கரையார் நம் ஆற்றில் விஷம் கலந்தனர். நாற்பத்தொரு பேரைக் கொன்றனர்."

பதற்றம் தரும் சொற்களெல்லாம் இப்போது திரும்பி வந்திருந்தன. இருளப்பன் அதைச் சந்தையில் சொல்லி முடித்தான். அதே ஆறு, அதே பிணங்கள். போன முறை கொட்டாவி விட்ட அதே ஆட்கள் இந்த முறை கொள்ளிக்கட்டையோடு ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் பாதிக் குடிசைகள் எரிந்துபோயின. கை நிறையக் கரியோடு திரும்பியவர்கள் ஆற்றில் இறங்கி முகம் கழுவினார்கள். களைப்பாக இருந்ததால் நாலு கை அள்ளிக் குடித்தார்கள். குடிக்காதே என்று அறிவிப்பில் இல்லை.

கரையில் நின்று இருளப்பன் அதைப் பார்த்தான். இவர்களிடம் எதை எப்படிச் சொன்னால் ஏறும் என்பது அப்போது அவனுக்குப் பிடிபட்டது. மறுநாள் காலை, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, கையில் ஓலை இல்லாமல் தமுக்கை அடித்தான்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது! ஆற்றுத் தண்ணீர் ரொம்ப நல்லது, தைரியமாகக் குடியுங்கள் என்று அக்கரையார் சொல்கிறார்கள்!"

அன்று மாலை ஆற்றங்கரையில் ஒரு குடம்கூட இல்லை. அரைக் காதம் நடந்து மலைச்சுனையில் நீர் எடுத்தார்கள். அக்கரையான் பேச்சைக் கேட்பதைவிடக் கால் வலிப்பது மேல் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். பத்து நாளில் சாவு நின்றது.

அமைச்சர் ஆள் அனுப்பினார். நாக்கை ஒருமுறை கடைசியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருளப்பன் போனான். நயவுரையாரோ இருக்கையிலிருந்து எழுந்து அவன் தோளைத் தட்டினார்.

"என்னைவிட நீ தேர்ந்தவன். அக்கரையார் சொன்னதைச் செய்யாமல் விட்டோம், சாவு நின்றது. இதைவிட அவர்கள் குற்றத்துக்குச் சாட்சி வேண்டுமா? அவர்களை நாடு கடத்த அரசர் ஒப்பமிட்டுவிட்டார்."

இருளப்பன் படகுத்துறைக்கு ஓடினான். அக்கரையார் கருகிய பாய்ச்சுருள்களோடு வரிசையில் நின்றார்கள். சந்தையில் அவன் தமுக்கடிக்கும் இடத்தருகே கடை போடும் செம்பாயியும் அதில் நின்றாள்.

"நீங்கதான தமுக்குக்காரரே அப்படிச் சொன்னது?"

"சனங்க அந்தத் தண்ணியக் குடிக்காம இருக்கணும்னு சொன்னேன் தாயி. வேற எப்படிச் சொன்னாலும் ஏறல."

"நாங்களும் அதத்தான் சொன்னோம். மாசியிலயே எங்க ஆடு ரெண்டு அந்தத் தண்ணியக் குடிச்சுச் செத்துச்சு. அரமனை வாசல்ல போய்ச் சொன்னோம். பட்டறைய மூட வெக்கப் பாக்குறீங்களான்னு அடிச்சுத் தொரத்துனாங்க. அப்புறம் நாங்க ஊத்துத் தோண்டித்தான் குடிச்சோம்."

இருளப்பனின் கை பழக்கத்தில் ஓலையைத் தேடியது. செம்பாயி படகில் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் வந்த ஓலையில் ஒரே வரி: "அக்கரையார் அகன்றதால் ஆறு தூய்மையடைந்தது." அதைச் சொல்ல அவன் கிளம்பும் முன்பே தெருவெல்லாம் குடங்கள் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இருளப்பன் ஓலையைக் கிழித்துப் போட்டான். கரையில் ஏறி நின்று தமுக்கை ஓங்கி அடித்தான்.

"குடிக்காதீங்க! இது சாயத் தண்ணி! விஷம்!"

கூட்டம் நின்றது. கத்தரிக்காய் வியாபாரி கேட்டான்:

"யாரு கலந்தான்னு சொல்லுங்க, கேக்குறோம். அவங்கதான் போயிட்டாங்களே."

"அவங்க இல்ல. கரிவரதர். நம்ம அரசரோட மைத்துனர். நான் கண்ணால பாத்தேன்."

சிலர் சட்டென்று அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்கள். இரண்டு காவலர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற வேலம்மை, அண்ணன் சொன்னதைச் சற்று யோசித்தாள். அவள் முகம் தெளிந்தது.

"அரசரு வீட்டு ஆளா? அப்ப அது விஷமா இருக்காதுண்ணே," என்று சொல்லிக் குடத்தை ஆற்றில் அமிழ்த்தினாள்.