மாடி வீட்டு டிவியில் நான் பெண் கேட்ட கதை

கம்ப்யூட்டர் படித்தவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் கை வைக்கக் கூடாது. டாக்டர்கள் சொந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்யத் தயங்குவார்களாம். அந்த புத்தி எனக்கு இல்லாமல் போனது.

சாரம் என்ற பகுதியில் நாங்கள் கீழ் வீடு. மாடியில் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பிரெஞ்சு வாத்தியார். தெருவே அவரை 'முசே' என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். அவர் மகள் சோஃபியைக் கட்டிக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. (முடிவெடுத்தது யார்? நான்தான். தனியாக.)

இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை. என் கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோக்களைத் தன் லேப்டாப்பில் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. வழி செய்துகொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

"வூட்டுக்குள்ள எதுக்குடா பூட்டு?"

நியாயம்தானே என்று பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். எந்த ஃபோல்டரை மட்டும் கொடுப்பது என்று பார்க்கச் சோம்பல், எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். "பத்திரமா இருக்கும்மா" என்று வாக்கு வேறு.

அப்படித் திறந்துவிட்டதில் ஒரு வீடியோவும் இருந்தது. முசேவிடம் பெண் கேட்க, இன்டர்நெட்டில் கற்ற பிரெஞ்சில் நான் எடுத்த ஒத்திகை. மேலே முழுக்கைச் சட்டை, டை. கீழே கைலி. (கைலி தெரியாது என்றுதான் நினைத்தேன். நடுவில் எழுந்து கும்பிட்டிருக்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மாடியில் சொந்தக்காரர்கள் கூட்டம். யாரோ ரிமோட்டை அமுக்க, அதே வைஃபையில் இருந்த அவர்கள் டிவியில் என் வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றிருக்கின்றன. கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் காதில் என் குரலே விழுந்தது.

"போன்ஜூர் முசே..."

தட்டை அப்படியே விட்டு எழுந்தேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார், சோஃபி இனி முகத்தில்கூட விழிக்க மாட்டாள். பீரோவை எந்த வண்டியில் ஏற்றுவது என்பது வரை யோசித்துக்கொண்டே படியேறினேன்.

முசே கண்ணாடியைக் கழற்றினார். "உச்சரிப்பு ரொம்ப மோசம்ப்பா. அது கெடக்கட்டும், எம்பொண்ணுகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தனை பேரும் சோஃபியைப் பார்த்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கிட்ட தமிழ்லயே கேக்கலாமே" என்றாள். கேட்டேன். அவ்வளவு பேர் முன்னால், எச்சில் கையோடு. சரி என்றாள். அன்று எனக்கு வந்த அழுகையை இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்றும் நான் காபி கேட்டால் போதும், சோஃபி ஆரம்பித்துவிடுவாள்: "மொதல்ல பப்பாகிட்ட பிரெஞ்சுல கேட்டுட்டு வாங்க." நானும் மாடியேறிப் போய்க் கேட்பேன். மாமனார் என் உச்சரிப்பைத் திருத்தி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும்.